பதினேழு அக்கா பேசிய காதல்கள்

எங்கள் டப்பிங் கூடத்தில் அவரைப் பதினேழு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். வேற்றுமொழிக் காதல் படங்களை வாங்கி நம் பேச்சில் மாற்றி வெளியிடுவது எங்கள் கூடத்தின் தொழில். அந்தப் படங்களில் வரும் கதாநாயகிகளுக்கெல்லாம் அக்காதான் குரல். எல்லாப் பெண்களுக்கும் வயது பதினேழு. அதனால் வந்த பெயர்.

நான் அங்கே ஒலிப்பதிவாளனாகச் சேர்ந்தபோது அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. குள்ளமான உருவம், கனத்த மூக்குக் கண்ணாடி, முழங்கால் வலி. மூன்று படி ஏறினால் ஒரு 'அப்பாடா'. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, கைக்கடிகாரத்தை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு மைக் முன்னால் நிற்பார். பதிவு ஆரம்பம் என்று நான் சிவப்பு விளக்கைப் போடுவேன். அடுத்த நொடி என் காதில் ஒரு பெண் பிள்ளை பேசுவாள். நேற்றுத்தான் காதலிக்க ஆரம்பித்தவள், வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டிருக்கிறவள். முதல் நாள் நான் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தேன். வேறு எங்கிருந்தோ சத்தம் வருகிறதோ என்று சந்தேகம்.

வேலையில் அக்கா படு கறார். சரசரக்காத பழைய பருத்தித் துணிதான் உடுத்துவார். வாய் உலர்ந்தால் பேச்சில் சின்னச் சின்னச் சொடுக்கு விழும் என்று ஒரு டப்பாவில் ஆப்பிள் துண்டு கொண்டுவருவார். கதாநாயகி ஓடிவந்து பேசும் காட்சி என்றால் வலிக்கிற முழங்காலோடு நின்ற இடத்திலேயே இருபது முறை குதிப்பார், மூச்சு உண்மையாக வாங்க வேண்டும் என்பதற்காக. முத்தக் காட்சி வந்தால் தன் புறங்கையில் முத்தமிட்டுக்கொள்வார். "இந்தக் கை இதுவரைக்கும் வாங்கின முத்தத்துக்கு இந்நேரம் இதுக்குக் கல்யாணமே ஆகியிருக்கணும்" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போய் யோசித்தால் சிரிப்பு வராது.

படங்கள் எல்லாம் ஒரே படம்தான். ஒன்றில் பெண் பணக்காரி, பையன் படகுக்காரர் மகன். இன்னொன்றில் இரண்டு குடும்பத்துக்கும் மூன்று தலைமுறைப் பகை. ஒன்றில் பையனுக்குத் தீராத நோய். ஒன்றில் பையன் மனிதனே கிடையாது, கடலுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தவன். அவனையும் பெண்ணின் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. எந்தப் படமானாலும் நாற்பதாவது நிமிடத்தில் அப்பா அறைவார். என் கை தானாகவே ஒலியளவைக் குறைத்துவிடும். ஆரம்பத்தில் கடிதங்கள் பிடிபட்டன, அப்புறம் வீட்டுத் தொலைபேசியை அம்மா எடுத்தாள், அப்புறம் செல்போனைப் பிடுங்கினார்கள். மற்றபடி ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் வருடத்துக்கு நாலைந்து வந்துகொண்டே இருந்தன, எல்லாமே ஓடின.

ஒருநாள் இடைவேளையில் கேட்டேன். "உங்களுக்கு அலுக்கவே அலுக்காதாக்கா? எத்தனை தடவைதான் அதே பொண்ணு அதே ஜன்னல் வழியா குதிப்பா?"

அக்கா ஆப்பிளை மென்றுகொண்டே யோசித்தார்.

"அந்தப் படத்துல ரெண்டு பேர் சும்மா ஒரு டீ குடிக்கப் போனாக்கூட பத்து பேருக்குத் தெரிஞ்சுபோகுது பாரு. அப்பன் தூங்கமாட்டான். அண்ணன்காரன் தெருத்தெருவா தேடுவான். எதிர்வீட்டுக்காரி ஜன்னலை மூடவே மாட்டா. இதுங்க ரெண்டும் எங்க போகுது, என்ன பண்ணுதுங்கிறதுதான் ஊருக்கே வேலை. எனக்குப் போன மாசம் மூணு நாள் காய்ச்சல். வாசல்ல மூணு நாள் பேப்பர் அப்படியே கிடந்துச்சு. ஒருத்தரும் தட்டிக் கேக்கல."

அதைச் சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்கான தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்காவுக்கு ஒரு காதல் இருந்தது. எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள், பிறகு அக்கா வாயாலும் கேட்டேன். அந்தக் காலத்தில் கூடத்தில் ஒரே மைக். கதாநாயகனுக்குப் பேசுபவரும் நாயகிக்குப் பேசுபவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேச வேண்டும். அவர் ஆறடிக்கு மேல் உயரம், எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். அக்கா அவருடைய நெஞ்சு உயரம்தான் இருப்பார் என்பதால் கீழே ஒரு மரப்பெட்டி போட்டார்கள். ஏழு வருடம் அந்தப் பெட்டியின் மேல் நின்று அக்கா அவரிடம் "நீ இல்லாம நான் செத்துடுவேன்" என்று சொன்னார். அவரும் தாளைப் பார்த்து, "உன்னைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிடறேன்" என்று சொன்னார். சாயங்காலம் இருவரும் பேருந்து நிறுத்தம்வரை நடந்து போவார்கள். அப்போது எழுதிக் கொடுத்த தாள் கையில் இருக்காது. வெயிலைப் பற்றியும் பேருந்து தாமதமாவதைப் பற்றியும் பேசுவார்கள்.

இருவரையும் யாரும் தடுக்கவில்லை. அக்காவின் அம்மா, "பிடிச்சிருந்தா பண்ணிக்கோ, எனக்கென்ன" என்றார். நெட்டையின் அம்மா அக்காவுக்குத் தன் கையால் ஒரு கம்பளிச் சட்டை பின்னி அனுப்பினார். நெட்டை வாயைத் திறக்கட்டும் என்று அக்கா காத்திருந்தார். அக்கா ஏதாவது சொல்லட்டும் என்று அவரும் காத்திருந்தாரோ என்னவோ. பிறகு அவருக்கு வேறு ஊரில் வானொலியில் வேலை கிடைத்தது. கடைசி நாளன்று அவர்கள் பேசியது, ரயில் நிலையத்தில் காதலர்கள் ஓடிப்போகும் காட்சி. மூன்றாவது முறையில் சரியாக வந்தது. அவர் தாளை மடித்து வைத்தார்.

"அப்ப நான் கிளம்பறேன்."

"சரி."

"லெட்டர் போடறேன்."

"போடு."

இரண்டு கடிதம் வந்தது. இரண்டாவதில் அவருக்குக் கல்யாணம் என்றிருந்தது.

"யாராவது ஒருத்தர் குறுக்க நின்னு, 'இது நடக்காது'ன்னு கத்தியிருந்தா, 'ஏன் நடக்காது'ன்னு நாங்களும் கத்தியிருப்போம்" என்றார் அக்கா. "ஒருத்தரும் நிக்கல. பாதை காலியா கிடந்துச்சு. ரெண்டு பேரும் நடக்கல."

அதன்பிறகு தனித்தனி மைக் வந்தது. பிறகு ஆண் குரலை ஒரு நாளும் பெண் குரலை இன்னொரு நாளும் தனியாகப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். நான் சேர்ந்ததிலிருந்து அக்கா தனியாகத்தான் காதலித்தார். எதிர்ப் பேச்சு வரவேண்டிய இடத்தில் திரையில் ஒரு வாய் அசையும், ஹெட்போனில் ஒன்றும் இருக்காது. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு அடுத்த வரியைச் சொல்வார்.

அம்மா போன பிறகு மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் அக்கா தனியாக இருந்தார். உறவு என்று ஒரே தம்பி. பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றில் மேலாளர். சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் வெளியே கிளம்பமாட்டார். நல்ல நாள், கெட்ட நாளில் பார்த்துக்கொள்வதோடு சரி. ஆனால் தம்பியின் மகள் சின்ன வயதிலிருந்தே சனிக்கிழமை ஆனால் அத்தை வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளுக்குக் குரல் அப்படியே அத்தையின் குரல். தொலைபேசியில் அவள் 'ஹலோ' என்றால் பெற்ற அப்பாவே, "அக்கா, அவகிட்ட கொடு" என்பார். அவளுக்கு வயது ஏற ஏற அந்த ஒற்றுமை கூடியது. பதினேழு ஆனபோது இரண்டு குரலுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

அந்த வருடம்தான் அது நடந்தது. தம்பி மகள் தன் வகுப்பில் படித்த ஒரு பையனைக் காதலித்தாள். அவன் அம்மா லாண்டரிக்கடை வைத்திருந்தவர். பள்ளி விட்டதும் பையன் கடைக்குப் போய் இஸ்திரி போடுவான். தம்பியின் சட்டைகள் எல்லாம் அங்கேதான் போய் வந்துகொண்டிருந்தன. யாரோ பார்த்து யாரோ சொல்லி விஷயம் தம்பிக்குத் தெரிந்தது. பெண்ணின் செல்போனைப் பிடுங்கி, பூட்டைத் திறக்கும் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டு, அவளைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அவர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பை திராட்சை. இரண்டு வருடம் கழித்து வருகிறார். அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. நாற்காலியில் இருந்த துணிகளை அள்ளி உள்ளே போட்டுவிட்டுக் காப்பி போட்டார். தம்பி குடித்து முடித்துவிட்டு மகளின் செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் மடித்த ஒரு தாள்.

"அக்கா, உன்னால ஒரு காரியம் ஆகணும். ஒரே ஒரு போன்தான்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. தாளைப் பிரித்துப் பார்த்தார். அலுவலகத் தாளில், கடைக்கோடிவரை நேர் நேராக எழுதியிருந்தது. 'நம் இருவருக்கும் இது சரிவராது. ஆகவே என்னை மறந்துவிடவும்.'

"என் சட்டையைத் துவைக்கிற வீட்டுல போய் இவ..." என்று ஆரம்பித்த தம்பி பாதியில் நிறுத்திக்கொண்டார். "அவ சின்னப் பொண்ணுக்கா. படிக்கணும். இப்ப விட்டா போச்சு. நான் சொன்னா அவன் கேக்கமாட்டான். அவளே சொல்லிட்டா நம்பிடுவான். உன் குரல் அப்படியே அவதானே."

இந்த இடத்தைச் சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "முடியாதுன்னு சொல்லியிருக்கணும். தெரியும். ஆனா அவன் வந்து உட்கார்ந்து, 'உன்னால ஆகணும்'னு சொன்னானே, அதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? திராட்சையைக் கழுவி அவன் முன்னால வெச்சேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா நல்லாருக்குமேன்னு இருந்துச்சு."

இன்னொன்றும் நடந்தது. அதைத்தான் அக்காவால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. அந்தத் தாளைப் படித்ததும் அவருக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது.

"ஆகவே, மறந்துவிடவும்... யாருடா இப்படிப் பேசுவா? பதினேழு வயசுப் பொண்ணு பேசற பேச்சாடா இது? ஆபீஸ்ல லீவு லெட்டரா எழுதற?"

பேனாவை எடுத்து அடித்தார். மேலே புதிதாக எழுதினார். 'என்னைத் தேடாத. நான் நல்லாத்தான் இருக்கேன். என்னால உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, அவ்வளவுதான்.' இரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்தார். மூன்றாவது வாக்கியத்துக்கு முன்னால் ஒரு மூச்சு வேண்டும் என்று அங்கே ஒரு சின்னக் கோடு போட்டார். தம்பி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா செருப்பைக் கழற்றினார், கடிகாரத்தை எடுத்து வைத்தார். தம்பி அந்தப் பையனின் எண்ணை அழுத்திக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "எங்க இருக்க?" என்றான். பின்னால் இஸ்திரிப் பெட்டியின் நீராவிச் சத்தம் கேட்டது.

அக்கா மூன்று வாக்கியத்தையும் சொன்னார். மூச்சு சரியான இடத்தில் விழுந்தது. குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது.

அழுவான் அல்லது கத்துவான் என்று அக்கா நினைத்தார். படத்தில் பையன்கள் அந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்வார்கள். நீராவிச் சத்தம் நின்றது. பெட்டியை எடுத்து ஓரமாக வைத்திருக்கிறான்.

"உன்னை யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்டான்.

அக்காவின் தாளில் இதற்குப் பதில் இல்லை.

"பேச முடியலைன்னா பரவால்ல. பக்கத்துல யாராவது நிக்கிறாங்களா? ஆமான்னா, 'உம்'னு மட்டும் சொல்லு. எனக்குப் புரிஞ்சுடும்."

தம்பி, முடித்துவிடு என்று கையால் சைகை காட்டினார்.

"உம்" என்றார் அக்கா.

"சரி. வெச்சுடு. அழாத. நான் எங்கயும் போகல" என்றான் பையன்.

அக்கா போனை மேசைமேல் வைத்தார். தம்பி குனிந்து, "என்ன சொன்னான்? ஒத்துக்கிட்டானா?" என்றார். "ஒத்துக்கிட்டான்" என்றார் அக்கா. தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நீ செஞ்சது சாதாரண உபகாரம் இல்லக்கா" என்று சொல்லிவிட்டு, ஐந்தே நிமிடத்தில் படியிறங்கிப் போய்விட்டார். திராட்சையில் பாதிக்குமேல் அப்படியே இருந்தது.

"அந்த 'உம்' ஏன் சொன்னீங்க?" என்று நான் கேட்டேன்.

"யோசிச்செல்லாம் சொல்லல. வாய்ல வந்துடுச்சு. முப்பது வருஷமா என்னைக் காதலிச்ச எவனும் என்கிட்ட கேள்வி கேட்டதில்லடா. அவனவன் எழுதிக் கொடுத்ததைப் பேசிட்டுப் போனான். இவன் கேட்டுட்டு நிறுத்தினான். நான் என்ன சொல்லப்போறேன்னு காத்துக்கிட்டு இருந்தான்."

பத்து நாள் கழித்துத் தம்பி மகள் வந்தாள். அன்று சனிக்கிழமைகூட இல்லை. பரீட்சை எழுத வந்த இடத்தில் பையனைப் பார்த்திருக்கிறாள். 'நீ உம்-னு சொன்னியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு, அதனாலதான் நான் தைரியமா இருந்தேன்' என்று அவன் சொல்லியிருக்கிறான். அவள் போனே பேசவில்லை. வேறு யார் பேசியிருக்க முடியும் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "அத்தை, அவன்கிட்ட சொன்னதை என்கிட்ட சொல்லுங்க."

"எதைம்மா?"

"போன்ல சொன்னதை. அதே மாதிரி சொல்லுங்க. நான் கேக்கணும்."

அக்கா மறுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, அதே குரலில், 'என்னைத் தேடாத, நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று சொன்னார். தம்பி மகள் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"நானேதான்" என்றாள். "நான்கூட இவ்வளவு நல்லா சொல்லியிருக்கமாட்டேன்."

"அப்பா வந்து கேட்டான்மா. அந்த நேரத்துல எனக்கு..."

"அப்பாவை விடுங்க. அவர் எதிரி, எனக்குத் தெரியும். நீங்க யாரு?" அவள் சத்தம் போடவில்லை. அதுதான் அக்காவை இன்னும் படுத்தியது. "அவன் பெருமையா சொல்றான் அத்தை. 'பக்கத்துல அப்பாவை வெச்சுக்கிட்டே உம்-னு சொன்ன பாரு, நீ எவ்வளவு தைரியசாலி'ங்கிறான். அந்தத் தைரியசாலி நான் இல்ல, நீங்க. இனிமே அவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 'உம்'மைத்தான் நினைப்பான். அது என்னுது இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது?"

அன்று போனவள்தான். சனிக்கிழமைகள் நின்றுபோயின. காதல் முறியவில்லை என்று தெரிந்ததும் தம்பி போன் செய்து, "உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று வைத்துவிட்டார். இரண்டு பக்கமும் அக்கா குற்றவாளி. இரண்டு பக்கமும் அது நியாயம்தான் என்று அவருக்கே பட்டதால் யாரிடமும் போய் வாதாடவில்லை.

அந்தக் காதலும் அதிக நாள் நிற்கவில்லை. யாரும் பிரிக்கவில்லை. பெண் மேல்படிப்புக்கு வெளியூர் போனாள். பையன் கடையைப் பார்த்துக்கொண்டான். அடுத்த வருடத்துக்குள் பேச்சு குறைந்து, பிறகு நின்றுவிட்டது என்று உறவுக்காரர் ஒருவர் மூலமாக அக்காவுக்குத் தெரியவந்தது. அன்று அக்கா என்னிடம் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, ஒரு காட்சிக்கு ஒன்பது முறை திரும்பத் திரும்பப் பேசினார். ஒன்பதும் சரியாக வரவில்லை. நான் விளக்கை அணைத்துவிட்டு நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

தான் பேசிய படத்தைக் கொட்டகையில் பார்க்கும் பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. பார்த்தால் தப்புதான் காதில் விழும் என்பார். அந்த ஆண்டுகளில் ஒருநாள் மட்டும், ஒரு செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்குப் போனார். வீட்டில் இருக்க முடியவில்லை, அதனால் போனேன் என்றார். மொத்தம் பதினோரு பேர். முன்வரிசையில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள், படம் முழுக்கச் செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் வயதானவர்கள். சீருடையோடு வந்த ஒரு நர்ஸ், டப்பாவைத் திறந்து சாப்பிட்டபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு இரண்டு நாற்காலி தள்ளி, அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர். நாற்பதாவது நிமிடம் வந்தது, அப்பா அறைந்தார். அந்த அறையைத் தானே வாங்கியதுபோல அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

படம் முடிந்து விளக்கு வந்ததும் அவர் அக்காவிடம் பேசினார். "எங்களுது வீட்டுல பார்த்து வெச்ச கல்யாணம்மா. நாப்பது வருஷம், ஒரு சண்டை சச்சரவு கிடையாது. போன வருஷம் அவ போயிட்டா. ஆனா பாருங்க, இந்த மாதிரிப் படம் வந்தா இதெல்லாம் எனக்கே நடந்த மாதிரி இருக்கு. எங்கப்பா என்னைத் துரத்தினாரு, நான் மதில் ஏறிக் குதிச்சேன்னு தோணுது. நான் ஒரு நாளும் ஒரு மதிலும் ஏறினதில்ல." பிறகு, "அந்தப் பொண்ணு குரல் என்னமா இருக்கு, இல்ல?" என்று கேட்டார்.

அக்கா வாயைத் திறக்கவில்லை. பேசினால் கண்டுபிடித்துவிடுவாரோ என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார். மறுநாள் என்னிடம் சொன்னபோது, "பேசியிருக்கலாம். பாவம், நாலு வார்த்தை பேசத்தான் அவரும் நின்னாரு" என்றார்.

ஐம்பத்தெட்டாவது வயதில் அக்காவின் குரல் போயிற்று. சளி பிடித்தது, சளி விட்டது, பதினேழு திரும்பி வரவில்லை. மேல் ஸ்தாயிக்குப் போனால் அடியில் ஒரு கரகரப்பு. நான் எத்தனையோ குமிழைத் திருகிப் பார்த்தேன். "விடுடா, கிழவிக்குப் பவுடர் பூசாத" என்று அக்காவே ஹெட்போனைக் கழற்றி வைத்தார். அடுத்த படத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் ஒரு புதுப் பெண் நாயகிக்குப் பேசினாள். அக்காவுக்கு நாயகியின் அம்மா. 'இந்த வீட்டு வாசப்படியை அவன் மிதிச்சா நான் உயிரோட இருக்கமாட்டேன்' என்பதுதான் முதல் வசனம். ஒரே தடவையில் முடித்துவிட்டு வெளியே வந்து, "இது சுலபமா இருக்குடா, குதிக்க வேண்டியதில்ல" என்றார்.

போன வருடம் தம்பி மகள் வந்தாள். இருபத்துநாலு வயது. கூடவே அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளப்போகிறவர், அவள் அலுவலகத்திலேயே வேலை பார்ப்பவர். இரண்டு வீட்டுக்கும் பரம திருப்தி. அத்தையைக் கூப்பிடாமல் எப்படி என்று தம்பியே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"பதிவு ஆபீஸ்ல முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க அத்தை. யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லலாமாம். ஒரு ஈ காக்கா வரல" என்று சொல்லிச் சிரித்தாள். இந்தத் தடவை உட்கார்ந்திருந்தாள். காப்பியை ஊதி ஊதிக் குடித்தாள். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு ஒரு போன் வந்து அவர் வெளி வராந்தாவுக்குப் போனார். அக்காவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அந்தப் பையன் எங்கம்மா இப்ப?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள் என்றார் அக்கா. "எந்த... ஓ, அவனா? கடையை மூடிட்டு எங்கயோ போயிட்டாங்க. எங்கயாவது நல்லா இருப்பான். என்னென்ன பேசிக்கிட்டோம்னே மறந்துபோச்சு அத்தை."

"அன்னைக்குப் போன்ல அவன் முதல்ல கேட்டது என்னன்னு உன்கிட்ட சொன்னானா?"

"'உம்'னு சொல்லச் சொன்னான். அதானே?"

"அதுக்கு முன்னால. நான் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிச்சேன். இஸ்திரிப் பெட்டியை ஓரமா வெச்சுட்டு, 'உன்னை யாராவது அடிச்சாங்களா'ன்னு கேட்டான்."

தம்பி மகள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்படியா கேட்டான்?"

"ஆமா. 'அழாத, நான் எங்கயும் போகல'ன்னான். என்கிட்ட சொன்னதில்லம்மா அது. உனக்குச் சொன்னது. உன்கிட்ட சேர்க்காம இத்தனை நாள் நானே வெச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீ அன்னைக்கு உட்காரவே இல்லையேம்மா."

வராந்தாவிலிருந்து மாப்பிள்ளை உள்ளே வந்தார். அவள் எழுந்து, அழைப்பிதழைக் கொடுத்து, அத்தை கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

அக்கா கல்யாணத்துக்குப் போனார். நாலாவது வரிசையில் உட்கார்ந்தார். தம்பி வந்து, "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டார். அக்கா தலையாட்டியதும் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். மூன்று மணிக்கெல்லாம் அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் நாங்கள் இடைவேளையில் உட்கார்ந்திருந்தபோது அக்காவின் செல்போன் அடித்தது. தம்பி மகள். அக்கா பதறிப்போய், "என்னம்மா, எல்லாம் நல்லா இருக்குல்ல?" என்றார்.

நல்லாத்தான் இருக்கிறதாம். அவர் தங்கமான மனுஷனாம். வீட்டில் தனியாக இருக்கிறாளாம், சும்மாதான் கூப்பிட்டாளாம்.

"சொல்லும்மா" என்றார் அக்கா.

எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் ஏதோ கேட்டாள். அக்கா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கரகரத்துப்போன அந்தக் குரலில், அவசரப்படாமல், முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டான்மா. எடுத்ததும், 'எங்க இருக்க'ன்னான்..."